பார்த்த புத்தகமும் கேள்விப்பட்ட புத்தகமும்

ஆக்ஸ்ஃபோர்டு நகரில் அச்சான முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு தேதி இருக்கிறது: 1468 டிசம்பர் 17. கிறிஸ்தவர்களின் விசுவாசப் பிரமாணத்துக்கு லத்தீனில் எழுதப்பட்ட சிறிய விளக்கநூல் அது. ஆனால் இங்கிலாந்தின் முதல் அச்சாளர் என்று நாம் பள்ளியில் படித்த வில்லியம் காக்ஸ்டன், லண்டனை ஒட்டியிருந்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் போட்டது 1476இல்தான். அப்படியென்றால் ஆக்ஸ்ஃபோர்டு அவருக்கு எட்டு வருஷம் முந்தியதா?

1664இல் ரிச்சர்ட் அட்கின்ஸ் என்பவர் இதை வைத்து ஒரு சிறுநூலே எழுதினார். ஆறாம் ஹென்றி மன்னர் தம் செலவில் ஹாலந்திலிருந்து ஓர் அச்சுத் தொழிலாளியை ரகசியமாக வரவழைத்து ஆக்ஸ்ஃபோர்டில் வைத்தாராம். ஆகவே இந்த நாட்டுக்கு அச்சுத்தொழிலைக் கொண்டுவந்தவர் அரசர். யார் எதை அச்சடிக்கலாம் என்று சொல்லும் உரிமையும் அரசருக்கே. அட்கின்ஸ் சரித்திர ஆர்வத்தால் மட்டும் இதை எழுதவில்லை. சட்டப் புத்தகங்களை அச்சிடும் உரிமைக்காக லண்டன் அச்சாளர் சங்கத்தோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அரசர் கையெழுத்திட்ட உரிமம் அவர் பக்கம் இருந்தது.

1735இல் கான்யர்ஸ் மிடில்டன் என்ற அறிஞர் இந்தக் கதையின் காற்றைப் பிடுங்கினார். தேதி ரோமன் எண்களில் இருக்கிறது. அச்சுக் கோத்தவர் ஒரே ஒரு 'எக்ஸ்' எழுத்தை விட்டுவிட்டார். எக்ஸ் என்றால் பத்து. அதைச் சேர்த்தால் 1478. இதற்குத் துணையாக இன்னொரு சாட்சியும் உண்டு. அதே அச்செழுத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் வந்த அடுத்த இரண்டு புத்தகங்களின் ஆண்டு 1479. ஓர் அச்சுக்கூடம் 1468இல் ஒரு புத்தகம் போட்டுவிட்டுப் பதினோரு வருஷம் சும்மா இருந்து, பிறகு அதே எழுத்தை எடுத்துத் தூசி தட்டி வேலையைத் தொடர்ந்தது என்று நம்புவது கஷ்டம்.

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பட்டியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்தக் கதையை எங்கள் வாசிப்புக் குழுவில் சொன்னபோது ஒரு தம்பி கேட்டான்: "என்னக்கா இது, கூகள்ல போட்டா சரியான வருஷம் வந்துடப் போகுது. இதுக்குப் போயி முந்நூறு வருஷமா சண்டையா?" வரும்தான். ஆனால் கூகளுக்கு அதைச் சொன்னது யார்? யாரோ ஒருத்தர் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்து, இன்னொரு ஊரிலுள்ள இன்னொரு புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, "இது 1468 இல்லை, 1478" என்று ஒரு பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பட்டியலை உருவாக்கியவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஐரோப்பாவில் உலோக அச்செழுத்தைக் கொண்டு புத்தகம் போடுவது 1450களில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் தொடங்கியது. அப்போதிலிருந்து 1500ஆம் ஆண்டு முடிய அச்சானவற்றை 'இன்குனாபுலா' என்கிறார்கள். லத்தீனில் குழந்தையைச் சுற்றும் துணி, தொட்டில் என்று பொருள். ஜெர்மானியர்கள் நேரடியாகவே 'தொட்டில் அச்சு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்தப் புத்தகங்களைப் பட்டியல் போடுவது இன்றைய புத்தகத்தைப் பட்டியல் போடுவது போல இல்லை. பலவற்றில் தலைப்புப் பக்கமே கிடையாது. அச்சாளர் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் இருந்தால் கடைசிப் பக்கத்தில் இருக்கும். இல்லாமலும் போகும். ஒரே நூலை ஐந்து ஊர்களில் ஏழு பேர் அச்சடித்திருப்பார்கள். உங்கள் கையில் இருப்பது அதில் எது?

இந்தக் கேள்விக்கு முதலில் பெரிய அளவில் பதில் தேடியவர் லூட்விக் ஹைன். 1781இல் பிறந்த ஜெர்மானியர். கலைக்களஞ்சியம் ஒன்றில் ஆசிரியர் வேலை பார்த்துவிட்டு மியூனிக் நகருக்கு வந்து, அரச நூலகத்தில் உட்கார்ந்துவிட்டார். மியூனிக்கைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. 1803இல் பவேரிய அரசு தன் எல்லைக்குள் இருந்த மடாலயங்களைக் கலைத்தது. நூற்றாண்டுகளாகத் துறவிகள் சேர்த்த புத்தகங்கள் வண்டி வண்டியாக மியூனிக்குக்கு வந்து சேர்ந்தன. இன்றும் உலகில் மிக அதிகமான தொட்டில் அச்சு நூல்கள், ஏறக்குறைய 20,000 பிரதிகள், அங்கேதான் இருக்கின்றன. மடங்கள் அழிந்ததால் உருவான நூலகம் அது. அந்த அழிவு நடக்காமல் இருந்திருந்தால் ஹைன் ஊர் ஊராக மடங்களின் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

1826இல் தொடங்கிப் பகுதி பகுதியாக அவருடைய பட்டியல் வெளிவந்தது. 1836இல் அவர் இறந்துபோனார். கடைசிப் பகுதி 1838இல் வந்தது. மொத்தம் 16,299 பதிவுகள். தனி ஆள் செய்த வேலை. எனக்கு அதில் பிடித்தது எண்ணிக்கை இல்லை, ஒரு சின்னக் குறி. சில பதிவுகளின் முன்னால் ஹைன் ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார். அந்தப் புத்தகத்தை அவரே கண்ணால் பார்த்தார் என்று அர்த்தம். அந்தப் பதிவுகளில் வரி எங்கே முடிகிறது, ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி, எத்தனை தாள் என்பதெல்லாம் இருக்கும். நட்சத்திரம் இல்லாதவை வேறு பட்டியல்களிலிருந்து, கடிதங்களிலிருந்து, ஏலக் குறிப்புகளிலிருந்து எடுத்தவை. அதாவது, கேள்விப்பட்டவை.

நட்சத்திரம் போடாமலும் இருந்திருக்கலாம். 16,299 பதிவுகளையும் ஒரே குரலில் சொல்லியிருந்தால் புத்தகம் இன்னும் கம்பீரமாகத்தான் தெரிந்திருக்கும். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் அப்படிச் செய்திருந்தால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாப் பதிவையும் சந்தேகப்பட வேண்டியிருந்திருக்கும். நட்சத்திரம் இருப்பதால் எதை நம்பலாம், எதைத் தேடிப் போக வேண்டும் என்று பிரித்துக்கொள்ள முடிந்தது. 200 வருஷம் ஆகியும், இந்தத் துறையில் ஒரு புத்தகத்தை அடையாளம் சொல்லும்போது ஹைன் எண்ணையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

ஹைன் விட்ட இடத்தில் ஒரு பெரிய பிரச்சினை நின்றது. பெயரும் ஊரும் இல்லாத புத்தகங்களை என்ன செய்வது? இதற்குப் பதில் எழுத்தின் வடிவத்தில் இருந்தது. அன்றைய அச்சாளர்கள் பலர் தங்களுக்கான எழுத்துகளைத் தாங்களே வார்த்துக்கொண்டார்கள். ஆகவே ஓர் எழுத்து வரிசை என்பது கிட்டத்தட்ட ஒரு மனிதரின் கையெழுத்து மாதிரி. பெயர் உள்ள புத்தகத்தின் எழுத்தும் பெயர் இல்லாத புத்தகத்தின் எழுத்தும் ஒன்றாக இருந்தால், அச்சாளர் யார் என்று ஊகிக்கலாம். கேம்பிரிட்ஜ் நூலகர் ஹென்றி பிராட்ஷா இந்த வழியை வகுத்தார். தாவரவியலாளர் செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பது போலப் புத்தகங்களைப் பிரிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அதைச் செய்து காட்டியவர் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த ராபர்ட் பிராக்டர். 1898இல் வந்த அவருடைய பட்டியலில் நூல்கள் அகரவரிசையில் இல்லை. நாடு, நாட்டுக்குள் நகரம், நகரத்துக்குள் அச்சகம், அதற்குள் காலம். அச்சுக்கலை எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு நடந்தது என்று அந்தப் பட்டியலைப் புரட்டினாலே தெரியும். இன்றும் 'பிராக்டர் வரிசை' என்றே அதற்குப் பெயர். 1903 செப்டம்பரில் ஆல்ப்ஸ் மலைக்குத் தனியாக நடைப்பயணம் போன பிராக்டர் திரும்பி வரவே இல்லை. அப்போது அவருக்கு வயது 35.

ஜெர்மனியில் கொன்ராட் ஹேப்ளர் இன்னும் ஒரு படி மேலே போனார். பெரிய 'எம்' எழுத்தின் வடிவங்களை ஏறத்தாழ நூறு வகைகளாகப் பிரித்து வரைந்துகொண்டார். கூடவே 20 வரிகளின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்தார். எம் எந்த வகை, 20 வரி எத்தனை மில்லிமீட்டர். இந்த இரண்டும் தெரிந்தால் அவருடைய அட்டவணையில் எழுத்தைத் தேடி, சாத்தியமான அச்சகங்களின் எண்ணிக்கையைச் சுருக்கிவிடலாம். ரோமன் எழுத்துகளுக்கு எம் உதவாது என்பதால் 'க்யூ'வும் 'யு'வும் சேர்ந்து வரும் வடிவத்தைப் பார்த்தார். கம்ப்யூட்டர் வருவதற்கு ரொம்ப முன்னால், அளவுகோலும் கண்ணும் மட்டுமே கொண்டு செய்த தேடுபொறி என்று இதைச் சொல்லலாம். முக்கியமான விஷயம், லண்டனில் இருப்பவரும் லிஸ்பனில் இருப்பவரும் அளந்தால் ஒரே எண்தான் வரும். "எனக்கென்னமோ இது வெனிஸ் மாதிரி தெரியுது" என்ற பேச்சுக்கு அங்கே வேலை இல்லை.

1904இல் பிரஷ்ய அரசு ஒரு குழுவை அமைத்து ஹேப்ளரைத் தலைவராக்கியது. உலகில் எங்கே இருந்தாலும் சரி, எல்லாத் தொட்டில் அச்சு நூல்களுக்கும் ஒரே முழுமையான பட்டியல். இதுதான் இலக்கு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் நீண்ட விவரிப்பு: முதல் வரி எப்படி உடைகிறது, எத்தனை வகை எழுத்து, தாள்கள் எப்படி மடிக்கப்பட்டன, உலகில் எந்தெந்த நூலகத்தில் பிரதி உள்ளது. 1925இல் முதல் தொகுதி வந்தது. வேலையின் தரத்தைப் பார்த்து உலகமே வியந்தது. ஆனால் வேகம்? 1938க்குள் ஏழு தொகுதிகள். 1940இல் எட்டாவது தொகுதியின் முதல் பகுதி. பிறகு போர் எல்லாவற்றையும் நிறுத்தியது. 1970களில்தான் மறுபடி தொடங்க முடிந்தது. அந்த நூலகம் கிழக்கு பெர்லினில் மாட்டிக்கொண்டது வேறு. நூறு வருஷம் தாண்டியும் அச்சு வடிவம் லத்தீன் அகரவரிசையின் பாதியைத் தொடவில்லை. தொகுத்த விவரங்கள் மொத்தமும் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன என்பது ஆறுதல்.

பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும்போதே புத்தகங்கள் இடம் மாறிக்கொண்டிருந்தன, எரிந்துகொண்டிருந்தன. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக நூலகத்தை 1914 ஆகஸ்டில் ஜெர்மன் ராணுவம் எரித்தது. நூற்றுக்கணக்கான தொட்டில் அச்சு நூல்கள் ஒரே இரவில் போயின. போர் முடிந்ததும் எழுதப்பட்ட வெர்சாய் ஒப்பந்தத்தின் 247ஆம் பிரிவு, எரிந்தவற்றுக்கு ஈடாகக் கையெழுத்துப் பிரதிகளையும் தொட்டில் அச்சு நூல்களையும் லூவனுக்கு ஜெர்மனி தர வேண்டும் என்கிறது. ஓர் உலகப் போரின் சமாதான ஒப்பந்தத்தில் பழைய புத்தகங்களுக்குத் தனிப் பிரிவு! புதிய நூலகம் கட்டினார்கள், புத்தகங்கள் வந்தன. 1940 மே மாதம் அதுவும் எரிந்தது. லைப்சிக் நகரில் இருந்த குட்டன்பெர்க் பைபிள் போருக்குப் பின் மாஸ்கோவுக்குப் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஒரு பிரதி எங்கே இருக்கிறது என்று எழுதுவது வெறும் முகவரி எழுதுவது மாதிரி இல்லை. அது யாருடையது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

இங்கேதான் இரண்டு விதமான அணுகுமுறைகள் பிரிகின்றன. பெர்லின் ஆழமாகத் தோண்டியது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இன்னொரு பழக்கம் வளர்ந்தது: சுருக்கமாகச் சொல், ஆனால் எல்லாவற்றையும் சொல். 1926இல் பொல்லார்டும் ரெட்கிரேவும் 1475 முதல் 1640 வரை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்தில் அச்சான நூல்களுக்குப் போட்ட பட்டியலுக்குப் பெயரே 'குறுந்தலைப்புப் பட்டியல்'. ஆசிரியர், வெட்டிச் சுருக்கிய தலைப்பு, ஊர், அச்சாளர், ஆண்டு, எந்த நூலகம். அவ்வளவுதான். அமெரிக்காவில் ஃபிரெடரிக் காஃப் 1964இல் வெளியிட்ட தொட்டில் அச்சுக் கணக்கெடுப்பும் இதே மாதிரிதான். அமெரிக்க நூலகங்களிலும் தனியாரிடமும் எந்தப் பதிப்பு, யாரிடம் உள்ளது என்று இரண்டு மூன்று வரியில் சொல்லும். காஃப் அதோடு விடவில்லை. தம் சொந்தப் பிரதியின் ஓரங்களில் திருத்தங்களையும் புதிய வரவுகளையும் கையால் எழுதிக்கொண்டே வந்தார். 1973இல் அந்தக் கையெழுத்துக் குறிப்புகளோடு அப்படியே படியெடுத்து வெளியிட்டார்கள்.

1980இல் பிரிட்டிஷ் நூலகத்தில் லோட்டே ஹெலிங்கா ஒரு முடிவு எடுத்தார். நெதர்லாந்துக்காரர், ஆரம்பகால அச்சு வரலாற்றில் பெரிய அறிஞர். புதிய பட்டியலை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டாம். காஃபின் பட்டியலைக் கணினியில் ஏற்றி அதையே அடித்தளமாக வைத்துக்கொள்வோம். அதன் மேல் பிரிட்டிஷ் நூலகத்தின் நூல்கள், பிறகு இத்தாலி, நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி என்று ஒவ்வொரு நாட்டின் பட்டியலாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். தொட்டில் அச்சுகளின் குறுந்தலைப்புப் பட்டியல் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண். குட்டன்பெர்க் பைபிளின் எண் 'ஐபி00526000'. அதைப் பிரித்துப் பாருங்கள். பைபிளின் 'பி', அடுத்து 526. காஃப் தம் கணக்கெடுப்பில் அந்தப் பைபிளுக்குக் கொடுத்த எண் அதேதான். கடைசியில் உள்ள மூன்று சுழியங்கள் எதற்கு? நாளைக்கு யாராவது ஒரு புதிய பதிப்பைக் கண்டுபிடித்தால் நடுவில் நுழைக்க இடம். இது முடிந்த பட்டியல் இல்லை என்று எண்ணிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று அந்தத் தரவுத்தளத்தில் சுமார் 30,000 பதிப்புகள் உள்ளன. உலகெங்கும் 4,000 அளவிலான நூலகங்களில் பிழைத்திருக்கும் பிரதிகள் நான்கரை லட்சத்துக்கும் மேல். பல பதிவுகளில் ஹைன் எண்ணும் பெர்லின் பட்டியலின் எண்ணும் இருக்கும். ஆழமான விவரம் வேண்டும் என்றால் அங்கே போ என்று வழி காட்டும்.

எனக்கு இதில் படும் விஷயம் ஒன்று. பலர் சேர்ந்து செய்யும் பட்டியல் ஒப்பேறியது, எல்லோரும் குறைவாகச் சொல்லச் சம்மதித்தபோதுதான். ஒரு பதிவுக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டும் என்றால் வசதி உள்ள பத்து நூலகங்கள்தான் பங்கெடுக்க முடியும். ஒரு சின்ன ஊரின் பாதிரியார் பள்ளி நூலகம், "எங்களிடமும் இது ஒரு பிரதி இருக்கிறது, முதல் நான்கு தாள் இல்லை" என்று ஒரு வரி எழுத முடிந்தால்தான் அந்தப் பிரதி உலகத்துக்குத் தெரியவரும். அதே சமயம் பெர்லின்காரர்கள் மெதுவாகத் தோண்டியது வீண் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆழம் இல்லாமல் இந்த ஒரு வரியைச் சரியான பதிப்போடு சேர்க்க முடியாது. குட்டன்பெர்க் பைபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 180 பிரதிகள் அச்சடித்ததில் 49 அளவில் மிஞ்சியிருக்கின்றன. ஆசியாவில் ஒன்றுதான், டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்தில், அதுவும் முதல் தொகுதி மட்டும். 42 வரி பைபிள் என்று பெயர். ஆனால் சில பிரதிகளின் முதல் பக்கங்களில் 40 வரிதான் இருக்கும். அச்சடிக்கும்போதே பிரதிகளின் எண்ணிக்கையைக் கூட்டியதால், தொடக்கப் பக்கங்களை மறுபடி எழுத்துக் கோக்க வேண்டியிருந்தது. வரிகளை எண்ணும் பொறுமைசாலிகள் இல்லாவிட்டால் இரண்டையும் வேறு வேறு பதிப்பு என்று எழுதிவிட்டுப் போயிருப்போம்.

1500க்குப் பிறகு அச்சுக்கூடங்கள் பெருகின. நூல்களின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் போனது. எல்லோரும் வார்த்த எழுத்தை விலைக்கு வாங்க ஆரம்பித்ததால், எம் எழுத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்கும் வித்தையும் பலம் இழந்தது. இதற்கு வந்த உபாயங்களில் ஒன்றின் பெயர் 'கைரேகை'. புத்தகத்தின் நான்கு குறிப்பிட்ட பக்கங்களில், கடைசி வரிகளிலிருந்து ஜோடி ஜோடியாக எழுத்துகளை எடுத்து மொத்தம் 16 எழுத்து கொண்ட ஒரு சரமாக எழுதிவைப்பது. தலைப்பும் ஆண்டும் ஒன்றாக இருந்தாலும் புதிதாக எழுத்துக் கோத்திருந்தால் பெரும்பாலும் இந்தச் சரம் மாறிவிடும். ரோமில் இருப்பவரும் பெர்லினில் இருப்பவரும் புத்தகத்தை அனுப்பிக்கொள்ளாமலே ஒப்பிட்டுவிடலாம்.

1990களில் ஐரோப்பிய ஆய்வு நூலகங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. 1830 வரை கையால் இயக்கிய அச்சு எந்திரத்தில் வந்த நூல்களுக்கு ஒரு பொதுத் தரவுத்தளம் கட்டினார்கள். ஹெலிங்காதான் அந்தக் கூட்டமைப்பின் முதல் செயலாளர். கணினிகளை இணைப்பது சுலபமாகவே இருந்தது. பெயர்கள்தான் படுத்தின. லத்தீன் புத்தகத்தில் 'லுக்டூனும்' என்று இருந்தால் அது பிரான்ஸின் லியோன் நகரம். 'லுக்டூனும் பட்டாவோரும்' என்றால் நெதர்லாந்தின் லைடன். 'அவுகுஸ்தா' என்று தொடங்கினால் அவுக்ஸ்பர்க், ட்ரியர், டூரின் மூன்றில் எதுவும் இருக்கலாம், அடுத்த சொல்லைப் பார்க்க வேண்டும். 'அர்ஜென்டினா' என்று இருந்தால் தென்னமெரிக்கா பக்கம் ஓடக்கூடாது. அது ஸ்ட்ராஸ்பர்க். மனிதர்கள் பெயரும் அப்படியே. வெனிஸின் புகழ்பெற்ற அச்சாளர் லத்தீனில் ஆல்டுஸ் மனூட்டியுஸ், இத்தாலியனில் ஆல்டோ மனூட்ஸியோ. எது சரியான பெயர் என்று சண்டை போட்டிருந்தால் வேலை முடிந்திருக்காது. எல்லாப் பெயரும் சரி, எதைத் தட்டினாலும் மற்றவையும் சேர்ந்து வரட்டும் என்று ஒரு பெயர்க் களஞ்சியம் உருவாக்கினார்கள். யாருடைய மொழியையும் தலைமைப் பெயராக்க வேண்டிய அவசியம் இல்லாத ஏற்பாடு அது.

இந்தப் பெயர்ச் சிக்கல் நமக்கு அந்நியமானது இல்லை. 1554இல் லிஸ்பனில் தமிழும் போர்ச்சுகீசியமும் கலந்த ஒரு கிறிஸ்தவச் சிறுநூல் அச்சானது. தமிழ் அதில் ரோமன் எழுத்தில் இருக்கிறது. மொழியின் பெயர் 'தமுல்'. 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூலில் அதே மொழி 'டமூலிகா'. வேறு பல ஐரோப்பிய நூல்களில் 'மலபார் மொழி'. நம் மொழியில் வந்த, நம் மொழியைப் பற்றி வந்த ஐரோப்பிய அச்சு நூல்களைத் தேடுகிறவர் 'தமிழ்' என்று மட்டும் தட்டினால் பாதிக்கு மேல் கைக்கு வராது. இந்த மூன்று பெயரும் ஒன்றுதான் என்று யாரோ ஒரு பட்டியலாளர் எழுதி வைத்தால்தான் வரும்.

கோலாலம்பூர் வாசகர்களுக்குத் தெரிந்த ஒருவர் இங்கே வருகிறார். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் இருந்த தனிநாயகம் அடிகள். 1966இல் இங்கே நடந்த முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டோடு சேர்த்தே அவரை நினைக்கிறோம். அவர் இன்னொரு வேலையும் செய்தார். ஐரோப்பிய நூலகங்களில் ஏறி இறங்கி, அங்கே இருந்த தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளையும் பழைய அச்சு நூல்களையும் தேடி எழுதினார். அந்தம் டி புரொயன்சா தொகுத்த தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி, அவர் இறந்த பிறகு 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சானது. அறியப்பட்ட ஒரே பிரதி வாட்டிகன் நூலகத்தில் இருந்தது. தனிநாயகம் அடிகள் அதைப் படியெடுத்து, 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாகக் கோலாலம்பூரில் வெளியிட்டார். அதே ஆண்டு தமிழியல் நூல்களுக்கான ஒரு வழிகாட்டிப் பட்டியலையும் இங்கிருந்தே கொண்டுவந்தார். பேச்சாளராக, மாநாடு கூட்டியவராக அவரைக் கொண்டாடுகிறோம். பட்டியல் போட்டவராக யாரும் அதிகம் பேசுவதில்லை.

தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்த மிகப் பழைய நூலான 'தம்பிரான் வணக்க'மும் இப்படித்தான். 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கச் சிறுநூல். தெரிந்த ஒரே பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஒரே பிரதி என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த நூலகத்தின் பட்டியலில் அது தவறான பெயரில் கிடந்திருந்தால், தமிழ் அச்சு வரலாற்றை நாம் வேறு ஓர் ஆண்டிலிருந்து எழுதிக்கொண்டிருப்போம். யாருக்கும் சந்தேகம்கூட வந்திருக்காது.

வாசிப்புக் குழுத் தம்பி கடைசியில் கேட்டது இது: "சரிக்கா, நம்ம ஊரு பழைய தமிழ்ப் புத்தகத்துக்கெல்லாம் இந்த மாதிரி ஒண்ணு செய்ய எவ்வளவு காசு ஆகும்?" ஐரோப்பாவின் கணக்கைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். அரசு, போர், சமாதானம், 200 வருஷம். ஆனால் அதில் காசே தேவைப்படாத ஒரு பகுதியும் இருக்கிறது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அச்சான பழைய தமிழ் நூல்களைப் பற்றி நம்மில் பலர் கட்டுரை எழுதுகிறோம், உரை ஆற்றுகிறோம். அதில் எத்தனை நூல்களை நாம் கையில் எடுத்துப் பார்த்தோம்? எத்தனையை இன்னொருவர் கட்டுரையிலிருந்து எடுத்தோம்? அந்த இன்னொருவர் எங்கிருந்து எடுத்தார்? பார்த்தது என்றால் எந்த நூலகம், யார் வீட்டு அலமாரி, எத்தனை பக்கம் குறைகிறது என்று ஒரு வரி. பார்க்காதது என்றால் பார்க்கவில்லை என்று ஒரு வரி. ஹைனின் அந்தச் சின்ன நட்சத்திரத்தை நாமும் போட்டுவிட்டால், நமக்கு அடுத்து தேடி வருகிறவர் எங்கிருந்து தொடங்கலாம் என்று தெரிந்துகொள்வார். தம்பியிடம் அதைத்தான் சொன்னேன். அவன் தன் தாத்தா வைத்திருக்கும் புத்தகப் பெட்டியிலிருந்து தொடங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.